புடலை ஆளுக்கு, அவரை கதவுக்கு

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், சரக்குக் கப்பல்களுக்கு ஏஜென்சி எடுத்து நடத்துகிற ஒரு பழைய நிறுவனத்தின் அலுவலகத்தில், கம்ப்யூட்டர்களிலிருந்து கொடி முளைத்த காலத்தில், எப்சிபாவுக்கு அதைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட நேரமில்லை; ஏனென்றால் அவள் புருஷன் செல்வின் திருடன் என்று பெயரெடுத்து அப்போதுதான் ஒரு மாதம் ஆகியிருந்தது, சென்னையிலிருந்து ஆடிட்டர் திரும்பி வருவதற்குள் அவன் திருடன் இல்லை என்று அவள் காட்டியாக வேண்டும், காட்டாவிட்டால் போலீஸில் புகார் என்று மேனேஜர் நெல்லையப்பன் சொல்லியிருந்தார், நெல்லையப்பன் சொன்னால் செய்கிற மனுஷன்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அங்கேதான் வேலை. செல்வின் ஸ்டோர் கீப்பர்; ஆணி முதல் ஏ.சி. வரை அவன் கையெழுத்தில்லாமல் வாசல் தாண்டாது, ஆனால் அவனுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் கிடையாது, பேனாவிலேயே காலத்தை ஓட்டியவன். எப்சிபாவோ கம்ப்யூட்டரைத் தவிர வேறெதையும் தொடாதவள். நிறுவனத்தின் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் யாரிடம் இருக்கிறது, எந்த அறையில் இருக்கிறது, எந்த பில்லில் வாங்கியது, யார் பழுது பார்த்தது என்கிற சங்கதியெல்லாம் அடங்கிய டேட்டாபேஸ் அவள் பொறுப்பில் இருந்தது. அடங்கிய என்றால், தனித்தனியாக அடங்கிய. மெஷின்களுக்கு ஒரு டேபிள், ஆட்களுக்கு ஒன்று, இடங்களுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, பழுதுக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாதவை ஒரு கல்யாண மண்டபம் நிறைய. ஒவ்வொரு டேபிளிலும் வரி வரியாகக் கட்டங்கள், கட்டங்களில் எண்கள். இந்த டேபிளின் இந்தக் கட்டத்து எண் எந்த டேபிளின் எந்த வரியைக் கைகாட்டுகிறது என்பதை மட்டும் ஒரு புண்ணியவானும் எழுதி வைக்கவில்லை. அதைச் செய்து கொடுத்த கம்பெனிக்காரர்கள் முடிச்சுகளையெல்லாம் தங்கள் ப்ரோகிராமுக்குள் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கம்பெனி இழுத்து மூடப்பட்டபோது ப்ரோகிராமும் நின்றுபோய், கட்டங்களுக்குப் பெயர்கூட இல்லாத டேபிள்கள் மட்டும் கேட்பாரில்லாமல் கிடந்தன.

இதற்கு நடுவில்தான் ஆடிட்டர் வரதராஜன் வந்தார். ஊரே மிதந்த அந்தப் பெருமழை வருஷத்தில் கீழ்த்தளத்தில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் எங்கே என்று கேட்டார். தண்ணீரில் போயிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தண்ணீரில் போனதற்கும் ஒரு ரசீது உண்டல்லவா, அது எங்கே என்றார். மழையன்று அலுவலகத்தில் இருந்த பழைய மேனேஜர் அதோடு ஓய்வுபெற்று மகனிடம் கனடா போய் அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். அன்றைக்குச் சாமான் தூக்க யாராவது இருந்திருந்தால் அவர்களும் ஒரு நாள் கூலிக்கு வந்துபோனவர்கள். செல்வினும் எப்சிபாவும் அன்று தங்கள் வீட்டு மொட்டை மாடியில் சமையல் சிலிண்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாததால் வரதராஜன் டேபிள்களிடமே கேட்டார். மெஷின் டேபிளில் ஏழாம் கட்டம் என்று ஒன்று, மற்ற எல்லா வரியிலும் வெறுமையாக இருந்தது. காணாமல் போன மெஷின்களின் வரிகளில் மட்டும் நிரம்பியிருந்தது. நிரம்பிய இடமெல்லாம் ஒரே எண், இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய் ஆட்கள் டேபிளில் தேடினார். அங்கே இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் உட்கார்ந்திருந்தவன் செல்வின், ஸ்டோர் கீப்பர், சாவிக்கொத்து வைத்திருப்பவன். வேறென்ன வேண்டும்?

எப்சிபா அன்றைக்கே சொன்னாள். இடங்கள் டேபிளிலும் ஒரு இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது, அதற்கு நேரே ‘உப்புக் கிட்டங்கி’ என்று இருக்கிறது, ஏழாம் கட்டம் ஆளைக் காட்டுகிறதா இடத்தைக் காட்டுகிறதா என்று யாருக்குத் தெரியும் என்றாள். நெல்லையப்பன் சிரித்துவிட்டார். கப்பல் ஏஜென்சிக்கு ஏது உப்பு கொட்டி வைக்கிற கிட்டங்கி, நாம் என்ன உப்பு வியாபாரமா செய்கிறோம் என்றார். சிரித்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, புருஷனைக் காப்பாற்றுவதற்காக ஒரு கட்டடத்தையே டேபிளுக்குள் கட்டிவிட்டாளோ என்கிற மாதிரி அவளைப் பார்த்தார். அன்று முதல் எப்சிபா டேபிள்களைப் படிக்கலாம், ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது என்று உத்தரவானது. செல்வினின் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, விசாரணை முடிகிறவரை தினமும் வந்து கேட் ஓரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொடுத்தார்கள். அவனைச் செல்வின் என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள். இருநூத்திப் பன்னெண்டு என்றால் ஊருக்கே தெரிந்தது. கேண்டீன் சுடலைவடிவுகூட, எல்லோருக்கும் டீ கொண்டுபோகிறவள், கேட் பக்கம் வரும்போது தட்டைத் திருப்பிக்கொண்டு போனாள், அது எப்சிபாவுக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

அவன் வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

“ஏட்டி எப்சி, நான் எடுத்திருப்பேனோன்னு உனக்கு ஒரு நாளாவது தோணுச்சா?”

“தோணியிருந்தா, அதுல ஒண்ண நமக்கு எடுத்து வைங்கன்னு சொல்லியிருப்பேன்லா. நம்ம வீட்டு லேப்டாப் ஓடி ரெண்டு வருஷமாச்சு.”

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டான், அவள் அதைப் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய் நின்று அழுதாள்.

பகலெல்லாம் அவள் டேபிள்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தாள். இந்தக் கட்டத்தில் இருக்கிற எண்கள் எல்லாம் அந்த டேபிளின் முதல் கட்டத்தில் இருக்கின்றனவா, ஒன்றுகூட விடுபடாமல் இருந்தால் உறவு இருக்கலாம், விடுபட்டால் இல்லை. வழி சரியான வழிதான். ஆனால் சின்ன எண்கள் இருக்கின்றனவே, அவை தெருவில் எல்லா வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிற பிள்ளைகள் மாதிரி. எந்த டேபிளில் கொண்டுபோய் விட்டாலும் பொருந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஏழாம் கட்டம் ஆட்களோடும் பொருந்தியது, இடங்களோடும் பொருந்தியது, கப்பல்காரர்களின் விடுமுறை டேபிளோடும் பொருந்தியது. இவள் ஒன்று சொன்னால் வரதராஜன் ஒன்று சொல்லலாம், இரண்டுக்கும் டேபிள் தலையாட்டும். அப்புறம் பெண்டாட்டி பேச்சை யார் எடுப்பார்கள்?

இப்படி ஒரு மாதம் ஓடியபிறகு, ஒரு திங்கட்கிழமைதான் கணக்குப் பிரிவில் ஒரு மானிட்டருக்குப் பின்னாலிருந்து, வயர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு பச்சை இலை எட்டிப் பார்த்தது. கேஷியர் அதைக் கிள்ளிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குள் மறுபடி வந்தது, சாயங்காலத்துக்குள் மேசையைத் தாண்டியது, மறுநாள் காலையில் அலுவலகத்தில் கொடி இல்லாத மெஷினே இல்லை. சிபியுவிலிருந்து, பிரிண்டரிலிருந்து, லேப்டாப்பின் இடுக்கிலிருந்து, மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் புடலையும் அவரையும் பாகலும் பீர்க்கும் கிளம்பி, நாற்காலி காலைச் சுற்றி, ஃபைல் ரேக்கில் ஏறி, மின்விசிறிக்கு மட்டும் பயந்து ஒதுங்கி, எங்கேயோ போக வேண்டியவர்கள் மாதிரி அவசரமாகப் போய்க்கொண்டிருந்தன.

முதல் இரண்டு நாள் ஜனங்கள் வந்து பார்த்தார்கள். பக்கத்து அலுவலகக்காரர்கள் வந்தார்கள், ஒரு போதகர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார், யாரோ சர்வர் அறைக் கதவில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார்கள், பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர் வந்து அளந்து பார்த்து ஒரு தொகை சொன்னார். நெல்லையப்பன் தொகையைக் கேட்டுவிட்டு, செடி என்ன கடிக்கவா செய்கிறது என்று அவரைத் திருப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது: கொடியை மிதிக்கக் கூடாது, அலுவலக நேரத்தில் காய் பறிக்கக் கூடாது, விருந்தினருக்குக் காய் கொடுத்தனுப்ப மேலதிகாரியின் அனுமதி வேண்டும். சுற்றறிக்கை வந்துவிட்டால் அப்புறம் எதுவும் அதிசயமில்லை. ஜனங்கள் காலைத் தூக்கி வைத்து நடக்கப் பழகினார்கள், சேலையைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டப் பழகினார்கள், பூ உதிர்ந்த கீபோர்டை ஊதிவிட்டு டைப் அடிக்கப் பழகினார்கள். கேண்டீனில் புடலங்காய்க் கூட்டும் அவரைக்காய் சாம்பாரும் பீர்க்கங்காய்த் துவையலுமாகச் சாப்பாட்டு விலை பாதியாகி, ஜனங்கள் முதல் வாரம் வாழ்த்தி, இரண்டாம் வாரம் முகம் சுளித்து, மூன்றாம் வாரம் ஒரு மீன் குழம்புக்காக ஏங்கிப்போனார்கள்.

பிரச்சினை காயில் வந்தது. கொடி ஒரு இடத்தில் முளைத்து இன்னொரு இடத்தில் போய் முடிந்தால் நடுவில் காய்ப்பது யாருடையது என்று கணக்குப் பிரிவுக்கும் பில்லிங் பிரிவுக்கும் சண்டை. அதைவிடப் பெரிய பிரச்சினை, கொடி உண்மையைச் சொன்னது. நெல்லையப்பன் மேசை மேல் இருந்த விலையுயர்ந்த லேப்டாப்பின் புடலை நெல்லையப்பன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கண்ணாடித் தடுப்பைத் தாண்டி அவருடைய ஸ்டெனோ மேசைக்குப் போய் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டது. அவர் அதைத் திறப்பதே இல்லை என்று அலுவலகத்துக்கே தெரிந்துபோனது. பழுது பார்க்கிற மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்து இறங்கினால் போதும், எங்கெங்கோ இருந்து பாகல் கொடிகள் நீண்டு வந்து அவரைச் சுற்றிக்கொள்ளும், கத்தரித்துக்கொண்டு போவதற்குள் ஹேண்டில்பாரில் நாலு பாகற்காய் தொங்கும்.

எப்சிபா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் காயைப் பார்த்தார்கள், அவள் போக்கைப் பார்த்தாள். புடலை எந்த மெஷினில் முளைத்தாலும் அதைப் பயன்படுத்துகிற ஆளிடம்தான் போய் முடிந்தது. அவரை எந்த மெஷினில் முளைத்தாலும் அந்த மெஷின் இருக்கிற அறையின் கதவில்தான் போய்ச் சுற்றியது. ஆள் குறுக்கே நின்றாலும் சுற்றிக்கொண்டு கதவுக்குப் போனது. பாகல் மெக்கானிக்குக்கு, பீர்க்கு பில் வைத்திருக்கிற பீரோவுக்கு. ஒரு கொடிகூட வழி மாறவில்லை. கேஷியரின் மெஷினை எடுத்துக்கொண்டு டேபிளைத் திறந்தாள். அவள் கணக்குப்படி நாலாம் கட்டத்தில் கேஷியரின் எண் இருக்க வேண்டும், இருந்தது. மூன்றாம் கட்டத்தில் கணக்கு அறையின் எண் இருக்க வேண்டும், இருந்தது. அடுத்த மெஷின், அதற்கடுத்த மெஷின், ஒவ்வொரு கொடியாகப் பிடித்துக்கொண்டு போய் ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தாள். கண்ணெதிரே பச்சையாக ஓடுவதும் திரையில் எண்ணாக நிற்பதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனபோது, வருஷக்கணக்காக இருட்டறையில் கைதடவி நடந்தவளுக்கு யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. நாலாம் கட்டம் ஆளுக்கு, மூன்றாம் கட்டம் கதவுக்கு, ஒன்பதாம் கட்டம் பீரோவுக்கு. மிஞ்சியது ஏழாம் கட்டம். அதைச் சொல்ல ஒரு கொடி வேண்டும். ஏழாம் கட்டம் நிரம்பிய மெஷின் எதுவும் அந்தக் கட்டடத்தில் இல்லை.

கேட் ஓரத்தில் செல்வினுக்கு ஒரு கொடியும் வரவில்லை, அவன்தான் கம்ப்யூட்டர் தொடாதவனாயிற்றே. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவன், மூங்கிலும் கயிறும் கேட்டு வாங்கி, வெளியே வழிந்த கொடிகளுக்கெல்லாம் பந்தல் போட்டான். ஸ்டோர் கீப்பர் போட்ட பந்தல். முடிச்சு முடிச்சாக நேர்த்தியாக இருந்தது. ஜனங்கள் மெதுவாக வந்து என் கொடிக்கும் ஒரு கம்பு ஊன்றுங்கள் என்று கேட்டார்கள், கேட்கும்போதுகூடப் பேரைச் சொல்லாமல் கேட்டார்கள், அவன் ஊன்றினான்.

அந்தப் பந்தலுக்குள்தான் பெரிய வடம் ஒன்று படுத்துக் கிடந்தது. மனுஷன் தொடை பருமனுக்குப் பல புடலைக் கொடிகள் பின்னிக்கொண்ட வடம். கேட்டுக்கு அடியில் சாலையோரமாக நீண்டு கிடந்தது, உள்ளே நடைபாதை வரை ஒன்றாக வந்து, அங்கே பிரிந்து, பழைய ஆட்கள் பலருடைய நாற்காலிகளில் போய் முடிந்தது. ஏற்கெனவே ஒரு புடலை இருக்கிறவர்களுக்கு இது இரண்டாவது. கூடுதல் வரவு என்று சந்தோஷப்பட்டார்களே தவிர யாரும் ஏனென்று கேட்கவில்லை. உள்ளே இருக்கிற கொடிகள் கடல் காற்று வாங்க வெளியே போயிருக்கின்றன என்று எல்லோரும் நினைத்தார்கள், எப்சிபாவும் அப்படித்தான் நினைத்தாள். கண்டெய்னர் லாரிகள் அதில் ஏற முடியாமல் ஹார்ன் அடித்து உயிரை வாங்கவே, நெல்லையப்பன் வடத்தைக் கேட்டோரம் வெட்டச் சொன்னார். ஒரு புதன்கிழமை சாயங்காலம் வெட்டினார்கள்.

வியாழக்கிழமை காலையில் ஆடிட்டர் வரதராஜன் வந்து இறங்கினார், புகார் மனுவை டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார். மேனேஜர் அறையில் அதை வாசித்துக்கொண்டிருக்கும்போது எப்சிபா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். காலையில் வேலைக்கு வந்தவள் கேட்டிலேயே நின்றுவிட்டிருந்தாள். வெட்டிய வடத்தின் உள்பக்கத் துண்டு, நாற்காலிகள் வரைக்கும், வாடிச் சுருண்டு கிடந்தது. வெளிப்பக்கத் துண்டோ பச்சையாக, முழம் முழமாக வளர்ந்து, புதுச் சுருளை நீட்டிக்கொண்டு மறுபடி கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

“சார், அது இங்கேருந்து வெளிய போன கொடி இல்ல. வெளியேருந்து இங்க வாற கொடி. வேரு எங்கயோ இருக்கு. புடலை மெஷின்லதான் முளைக்கும், ஆளைத் தேடி வரும். அத்தனை புடலை வருதுன்னா அங்க அத்தனை மெஷின் இருக்கு சார்.”

நெல்லையப்பன் கையிலிருந்த மனுவைக் கீழே வைத்தார். வரதராஜன் மட்டும், மேடம், செடியெல்லாம் சாட்சி சொல்லாது, டேட்டா என்ன சொல்லுதோ அதுதான் என்றார். செடியைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை, நடந்து பார்க்கத்தான் கூப்பிடுகிறேன், தூரமாக இருந்தால் ஆட்டோ வைத்துக்கொள்ளலாம் என்றாள் எப்சிபா. நெல்லையப்பனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, கண்ணால் பார்த்ததை மறுக்க மாட்டார். எழுந்து செருப்பை மாட்டினார். அவர் எழுந்ததும் கணக்குப் பிரிவு எழுந்தது, பில்லிங் எழுந்தது, சுடலைவடிவு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கேட்டில் நாற்காலியில் இருந்த செல்வினை யாரும் கூப்பிடவில்லை. எப்சிபா போய் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள், இத்தனை பேர் முன்னால் அவள் அவன் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

வடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாலையோர ஜனங்கள் அதற்கு எப்போதோ பழகியிருந்தார்கள். ஒரு டீக்கடைக்காரர் அதைப் பெஞ்சுக்கு முட்டுக்கொடுத்து மேலே நாலு பேரை உட்கார வைத்திருந்தார், பஞ்சர் கடையில் அதன் மேல் ட்யூப் காயப் போட்டிருந்தார்கள், ஆட்டுக்காரப் பெண் ஒருத்தி ஆடுகளை மேய்த்துக்கொண்டே, உள்ளுக்குள்ள போகப் போகத் தடியாப் போகும் பாருங்க என்று வழி சொன்னாள். தடியாகத்தான் போனது. சாலையை விட்டு இறங்கி, உப்பளங்களுக்கு நடுவே வரப்பில் ஏறி, வெயிலில் கண் கூசுகிற உப்புக் குவியல்களைச் சுற்றி, ஒரு பொட்டு இலைகூட முளைக்காத அந்த வெள்ளை மண்ணில் பச்சைப்பசேலென்று பூவும் பிஞ்சுமாக நீண்டு போய், ஓடு சரிந்த ஒரு பழைய கட்டடத்தின் ஜன்னலுக்குள் நுழைந்தது. நெல்லையப்பன் வரப்பிலேயே நின்றுவிட்டார். கட்டடத்தின் நெற்றியில் காரை உதிர்ந்த எழுத்தில் அவருடைய நிறுவனத்தின் பெயர் இருந்தது. நிறுவனத்தை ஆரம்பித்தவர் கப்பலுக்கு வருவதற்கு முன் உப்புதான் விற்றார், அவர் முதன்முதலில் கட்டிய கிட்டங்கி அது, மேட்டில் கட்டியது, எந்த மழைக்கும் நனையாதது. பழைய மேனேஜருக்கு அது தெரிந்திருந்தது, அவரோடு அது மறந்தும் போனது.

கதவு தெரியவில்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் அவரைக்கொடி, அடுக்கடுக்காக, ஊதா பூவும் பட்டைக் காயுமாக, நிலைவாசலிலிருந்து வாசற்படி வரை. பூட்டு துருவேறி உதிர்ந்து கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. செல்வின் தோளைக் கொடுத்துத் தள்ளினான், கதவு திறந்தது. உள்ளே மரப் பலகைகள் மேல் வரிசையாக, தார்ப்பாய் போர்த்தி, ஒரு மெஷின்கூடக் குறையாமல் அத்தனையும் இருந்தன. தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு புடலை ஜன்னலுக்கும் ஒரு அவரை கதவுக்கும் போயிருந்தன. கணக்குப் பிரிவு அம்மா ஒருத்தி தன் பழைய மானிட்டரை ஒட்டியிருந்த ஸ்டிக்கரை வைத்து அடையாளம் கண்டு, தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி அதைத் தடவிக்கொடுத்தாள்.

வரதராஜன் நல்ல ஆடிட்டர். நல்ல ஆடிட்டருக்குச் சந்தோஷம் கடைசியில்தான் வரும். மெஷின் கிடைத்தது நல்லதுதான், ஆனால் இங்கே கொண்டுவந்து ஒளித்து வைத்தவர் யார், ஏழாம் கட்டத்தில் இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கிறதே, அது இவர்தானே என்று செல்வினைக் காட்டினார். ஜனங்கள் மறுபடி செல்வினைப் பார்த்தார்கள். எப்சிபாவுக்குப் பயமாக இல்லை, இத்தனை நாள் இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தாள்.

“சார், எங்க ஆபீஸ்ல எத்தனையோ அவரை பாத்திருப்பீங்க. ஆளு மேல சுத்தின அவரை ஒண்ணு பாத்தீங்களா?”

வரதராஜன் யோசித்தார். இல்லை என்றார்.

“கதவுலதான சுத்துது. இங்க இருக்க மெஷின் ஒண்ணுவிடாம அவரை இந்தக் கதவுக்குத்தான் வந்திருக்கு. இவுக இந்தா நிக்காவ, இத்தன கொடிக்கு நடுவுல. ஒரு புடலையாவது இவுகளத் தொட்டிருக்கா பாருங்க. ஏழாம் கட்டம் ஆளு இல்ல சார். மழைக்காகப் பழைய மேனேஜர் தற்காலிகமா மாத்தி வச்சு எழுதின இடம். இலைய விலக்கிப் பாருங்க.”

அலுவலகத்தில் ஒவ்வொரு கதவிலும் இட எண் பொறித்த தகரத் தகடு ஒன்று உண்டு. வருஷா வருஷம் பெயிண்ட் அடித்து அடித்து அது கதவோடு கதவாகி, அப்படி ஒன்று இருப்பதே, இடங்கள் டேபிளோடு மல்லுக்கட்டுகிற எப்சிபாவைத் தவிர எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. உப்புக் கிட்டங்கிக்கு யார் பெயிண்ட் அடித்தார்கள்? வரதராஜன் தன் கையாலேயே அவரை இலைகளை விலக்கிக்கொண்டு போனார். நிலைக்கு ஒரு சாண் கீழே தகடு இருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். துருவுக்கு நடுவில், ஆணியால் அடித்த மாதிரி புள்ளிப் புள்ளியாக, இருநூற்றுப் பன்னிரண்டு.

அப்புறம் நெல்லையப்பன் செல்வினுக்கு முன்னால் வந்து நின்றார். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் தொண்டையைச் செருமுகிற பழக்கம் உண்டு, அவர் செருமவில்லை.

“செல்வின், நான் உங்களத் திருடன்னு சொன்னேன். எல்லாரும் இருக்கும்போதுதான் சொன்னேன். அதனால இப்பவும் எல்லாரும் இருக்கும்போதே சொல்லுதேன், அது தப்பு. உங்களுக்கு என்ன செய்யணும் சொல்லுங்க.”

செல்வின் யோசித்தான். சாவிக்கொத்தைக் கேட்பான் என்று நினைத்தார்கள், சம்பள பாக்கியைக் கேட்பான் என்று நினைத்தார்கள். அவன் ஒன்று கேட்டான்: என்னிடம் என்னென்ன இருக்கிறது என்று அந்த டேபிளிடம் என் கண் முன்னால் ஒரு தடவை கேளுங்கள், அது சொல்லட்டும்.

திரும்பி வந்து, எப்சிபாவின் மேசையைச் சுற்றி அலுவலகமே நின்றது. எழுதலாம் என்று நெல்லையப்பன் சொல்ல, வரதராஜன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்க, அவள் உறவுகளை ஒவ்வொன்றாக எழுதினாள். மெஷின் டேபிளின் நாலாம் கட்டம் ஆட்கள் டேபிளுக்கு என்று எழுதினாள். டேட்டாபேஸ் எல்லா வரியையும் சரிபார்த்து, ஒன்றும் பிசகவில்லை என்று ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட அந்தக் கணத்தில் கட்டடம் முழுக்க நாற்காலிகளைப் பிடித்திருந்த புடலைகள் பிடியை விட்டன, பதறாமல், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்ட மனுஷர்கள் மாதிரி, பழுத்து உலர்ந்து விதையை உதிர்த்துவிட்டுச் சாய்ந்தன. பில்களின் உறவை எழுதினாள், பீர்க்கு சாய்ந்தது. பழுதின் உறவை எழுதினாள், பாகல் வாய் பிளந்து சிவப்பு விதைகளைத் தரையில் கொட்டியது. மூன்றாம் கட்டம் இடங்களுக்கு என்று எழுதினாள். கடைசியாக ஏழாம் கட்டம், அதுவும் இடங்களுக்கு, என்று எழுதிவிட்டு விரலை எடுத்தபோது அவரைகள் எல்லாக் கதவுகளையும் விட்டு இறங்கின, பழைய பெயிண்ட் அவற்றோடு உரிந்து வந்து, ஒவ்வொரு கதவிலும் ஒரு தகரத் தகடு பளிச்சென்று தெரிந்தது. சுடலைவடிவு கொட்டிய விதைகளைப் பெருக்கி அள்ளி, வகைவகையாகப் பிரித்து டப்பாக்களில் போட்டாள். அடுத்த வாரம் மீன் குழம்பு வைக்கிறேன் என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

அப்புறம் எப்சிபா கேட்க வேண்டியதைக் கேட்டாள். ஆட்கள் டேபிளில் இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி, செல்வின், இவர் பொறுப்பில் உள்ள மெஷின்கள் என்னென்ன. கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். திரையில் மேலே அவன் பெயர் வந்தது. பெயருக்குக் கீழே கோடு வந்தது. கோட்டுக்குக் கீழே ஒன்றும் வரவில்லை.

பின்வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை, என்ன போட்டிருக்கு என்று கேட்டார்கள். வரதராஜன்தான் எழுந்து நின்று, ஆடிட் அறிக்கை வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்: செல்வின், பதிவுகள் ஏதும் இல்லை. கணக்குப் பிரிவில் யாரோ விசில் அடித்தார்கள். பில்லிங் பிரிவு மேசையைத் தட்டியது. வெறும் திரையைப் பார்த்து அத்தனை பேர் கைதட்டி ஆர்ப்பரித்தது அந்தத் துறைமுகச் சாலையில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை. சுடலைவடிவு கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீத் தட்டோடு வந்தாள், யாருக்கும் கொடுக்காமல் முதல் டம்ளரைக் கொண்டுவந்து செல்வின் முன்னால் நீட்டினாள்.

“செல்வின் அண்ணாச்சி, டீ எடுத்துக்கிடுங்க,” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவன் எடுத்துக்கொண்டான்.

எப்சிபா அந்தத் திரையை அப்படியே ஒரு தாளில் அச்செடுத்தாள். செல்வின் அதைக் கண்ணாடி போட்டு, வீட்டுக் கூடத்தில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான். மேலே அவன் பெயர், கீழே ஒரு கோடு, அதற்குக் கீழே தாள் முழுக்க வெள்ளை. கொல்லைப்பக்கம் புடலைப் பந்தல் இருக்கிறது, வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு, அப்புறம் சுவரைப் பார்ப்பார்கள், இது என்ன ஒன்றும் இல்லாத தாளை மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

“ஆமா, ஒண்ணும் இல்ல,” என்பாள் எப்சிபா. “நல்லா கிட்ட வந்து பாருங்க.”